மருமகளோடு வேலைக்குப் போனவர்

ஓய்வு பெற்ற பிறகு அவர் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தது பேத்தியால்தான். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. ஆனாலும் காலையில் சவரம் செய்து, சட்டை மாட்டி, மற்றவர்களுக்கு முன்னால் வாசலில் நின்றுவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர், "என்ன டிரைவர், திரும்ப டியூட்டியா?" என்று கேட்டால், "ஆமா, மருமகளுக்கு அசிஸ்டென்ட்" என்பார். கேட்டவர் சிரிப்பார். இவர் சிரிக்கமாட்டார்.

வாழ்நாளில் பாதிக்கு மேல் பேருந்து ஓட்டியவர் அவர். எந்தச் சாலையில் எந்த வளைவுக்கு அப்பால் பள்ளம் இருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. அந்தச் சாலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை. அதனால் மகன், தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"மண்ணு டெஸ்ட் பண்ற கம்பெனியில இஞ்சினியர்ப்பா."

"விவசாய ஆபீஸா?"

"இல்லப்பா. கட்டடம் கட்டுறதுக்கு முன்னாடி, கீழ இருக்கிற மண்ணு அதைத் தாங்குமான்னு துளை போட்டுப் பாத்துச் சொல்றது."

"அதுக்கு ஒரு படிப்பா? கால வெச்சு அழுத்திப் பாத்தா தெரியாதா?"

மகன் இதைப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டான் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து மருமகளிடம் அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். மனைவி இருந்திருந்தால் நடுவில் நின்று இரண்டு பேரையும் பேசவைத்திருப்பாள். அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகனோ கப்பலில் இஞ்சின் அறையில் வேலை பார்ப்பவன். வீட்டில் இருக்கும் நாட்களைவிடக் கடலில் இருக்கும் நாட்களே அதிகம். ஆக, அந்தச் சின்ன வீட்டில் மாமனாரும் மருமகளும்தான்.

"மாமா, சாப்பாடு மேசை மேல இருக்கு."

"சரிம்மா."

"மாமா, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோங்க."

"சரிம்மா."

பேச்சு இவ்வளவுதான். ஒருவர் மேல் ஒருவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. மருமகளின் விடுப்பு தீர்ந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. பாப்பா புட்டிப்பால் குடிக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். விதவிதமான புட்டிகள் வாங்கிப் பார்த்தார்கள். கரண்டியால் புகட்டிப் பார்த்தார்கள். மருமகள் பக்கத்தில் இருந்தால்தானே அடம் என்று அவளை மாடிக்கு அனுப்பிவிட்டு மாமனார் ஒரு நாள் முயன்று பார்த்தார். பாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்துப் பாலை அவர் சட்டையிலேயே துப்பினாள்.

மருமகள் வேலை பார்த்தது ஒரு சின்ன நிறுவனத்தில். ஒரு முதலாளி, இரண்டு இஞ்சினியர்கள், ஒரு பரிசோதனைக் கூடம், துளை போடும் இயந்திரத்தோடு ஒரு குழு. துளை போடும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு இஞ்சினியர் நின்றாக வேண்டும். மேலே வரும் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, நிறம் என்ன, களியா மணலா, ஈரம் எவ்வளவு என்று அங்கேயே எழுத வேண்டும். வீட்டிலிருந்து செய்கிற காரியம் இல்லை. முதலாளி நல்லவர்தான். "இத்தனை நாள் ஒருத்தரை வெச்சே ஓட்டிட்டேன்மா. இனிமே முடியல. ஒரு முடிவு சொல்லு" என்று போனில் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன மாமனார், மருமகள் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். திரையில் என்ன இருந்தது என்று அவர் பார்க்கவில்லை. ராஜினாமாக் கடிதம் என்று பார்க்காமலே தெரிந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா."

தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அறைக்குப் போனார். கட்டிலில் உட்கார முடியவில்லை. திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நானும் உன்கூட வந்தா என்ன?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, அது சைட்டு. சேறு, வெயில், புகை. உக்காரக்கூட இடம் இருக்காது."

"நான் ஓட்டின வண்டியில என்ன மெத்தை போட்டா வெச்சிருந்தாங்க?"

"சத்தம் காதைப் பிளக்கும். பாப்பா அழுவா."

"வீட்டுல மட்டும் சிரிச்சுக்கிட்டா இருக்கா?"

அவளிடமிருந்து அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒரு சத்தம் வந்தது. மடிக்கணினியை மூடினாள்.

சொல்லிவிட்டாரே தவிர, படுத்த பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு விடியற்கால ஷிப்ட். மகன் எழும்போது இவர் சாலையில் இருப்பார். இவர் வீடு திரும்பும்போது மகன் தூங்கியிருப்பான். அவன் நடக்க ஆரம்பித்ததையே மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். குழந்தையை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பது என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது.

முதல் நாள் போன இடம், பழைய கிடங்கு ஒன்றை இடித்துவிட்டு வெறுமையாகக் கிடந்த மனை. நடுவில் மூன்று இரும்புக் கால்களை ஊன்றி நிறுத்தியிருந்தார்கள். உச்சியில் ஒரு கப்பி, கீழே புகை கக்கும் இஞ்சின், அதில் சுற்றிய கயிறு. துளையைச் சுற்றிச் சாம்பல் நிறச் சேறு. மூன்று ஆட்கள். அவர்களில் இயந்திரத்தை இயக்குபவருக்குக் கரடி என்று பெயர் வைத்திருந்தார்கள். புறங்கை வரைக்கும் முடி. இஞ்சினியர் மேடம் விடுப்பு முடிந்து வருகிறார் என்று அவர்களுக்குத் தெரியும். கூடவே தொப்பி போட்ட பெரியவரும், அவர் கையில் போர்வை சுற்றிய குழந்தையும் இறங்கியதும் கரடி இஞ்சினை நிறுத்திவிட்டார்.

"என்ன மேடம், குடும்பத்தோட டூர் வந்திருக்கீங்களா?"

"வேலையைப் பாருங்க" என்றாள் மருமகள். காது நுனி சிவந்திருந்தது.

ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதன் நிழலில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் மாமனார் உட்கார்ந்தார். பாப்பா சிணுங்க ஆரம்பித்தாள். ஆட்டினார், தட்டினார், எழுந்து நடந்தார். சிணுங்கல் அழுகையானது. அழுகை வீறிடலானது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரடி கயிற்றை இழுத்து இரும்புக் குண்டை உயரத் தூக்கி, துளைக்குள் நிறுத்தியிருந்த குழாயின் தலையில் விட்டார்.

டொம்.

தரை அதிர்ந்தது. மாமனார் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு விழித்தாள்.

டொம். டொம். டொம்.

ஒரே சீராக, மூச்சு விடுவது போல, குண்டு ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. பாப்பாவின் இமை தாழ்ந்தது. விரல்கள் மாமனாரின் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி தளர்ந்தன. குண்டு நின்றபோது அவள் நன்றாகத் தூங்கியிருந்தாள்.

மருமகள் எழுதுவதை விட்டுவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "தூங்கிட்டாளா? இந்தச் சத்தத்துலயா?"

"மெதுவாப் பேசும்மா" என்றார் மாமனார், காதைப் பிளக்கும் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

அன்றிலிருந்து பாப்பாவுக்குத் துளை போடும் இடம்தான் தொட்டில். அதைவிட வேடிக்கை, குண்டு நின்று கொஞ்ச நேரமானால் அவள் விழித்துக்கொள்வாள். "டீ குடிக்கக்கூட விடமாட்டா போலிருக்கே இந்த முதலாளியம்மா" என்று கரடி அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே ஒற்றைக் கையால் டீயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு குழாயைத் தட்டிக்கொண்டிருப்பார்.

பால் கொடுப்பதுதான் முதலில் சங்கடமாக இருந்தது. மாமனார் முன்னால் அதைப் பற்றிப் பேச மருமகளுக்குக் கூச்சம். அவருக்கு அதைவிடக் கூச்சம். இரண்டாம் நாளே அவர் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, மருமகள் ஓட்டிவரும் காரின் கண்ணாடிகளுக்கு உள்பக்கமாகக் கயிறு கட்டித் திரை போட்டுவிட்டார். பாப்பா பசித்து அழுதால் குழந்தையை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு, காருக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். யாராவது அந்தப் பக்கம் வந்தால், "வண்டி ரிசர்வ்டு. அந்தப் பக்கமாப் போங்க" என்று அதட்டுவார். உள்ளேயிருந்து மருமகள் சிரிப்பது அவருக்குக் கேட்கும். கேட்காதது போல நிற்பார்.

சும்மா உட்காரத் தெரியாத மனிதர். கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"அந்தக் குண்டு விழும்போதெல்லாம் நீ விரல் விட்டு எண்றியே, என்னம்மா அது?"

"குழாய் ஒரு அடி உள்ள இறங்க எத்தனை அடி வாங்குதுன்னு எண்றேன் மாமா. நிறைய அடி வாங்கினா கெட்டி மண்ணு. சீக்கிரம் இறங்கிட்டா இளகின மண்ணு."

"ஓ. அடி வாங்கினாத்தான் அடி இறங்கும்."

சொல்லிவிட்டு அவரே எதிர்பார்க்காமல் சிரித்தார். மருமகளும் சிரித்தாள். அவள் சிரிக்கும்போது முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் அதை அவர் கவனித்ததில்லை.

குழாயைப் பிளந்து திறந்து, உள்ளே உருளையாகக் கிடக்கும் மண்ணைக் காட்டுவாள். கறுப்பு, மஞ்சள், செங்கல் நிறம், நடுவில் சிப்பித் துண்டு. "இங்க ஒரு காலத்துல தண்ணி நின்னிருக்கு மாமா" என்பாள். அவர் ஒரு துணுக்கைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்ப்பார். இந்தத் தெரு வழியாக எத்தனை நடை ஓட்டியிருப்போம், தண்ணீருக்கு மேலேயா ஓட்டினோம் என்று நினைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சு தொடரும். சாப்பாடு மேசையில் உட்கார்ந்துகொண்டு அவள் கட்டட முதலாளிகளைப் பற்றிச் சொல்வாள், அவர் பயணிகளைப் பற்றிச் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். எல்லாரும் அவசரக்காரர்கள்.

அப்படி ஒரு அவசரக்காரர்தான் அந்தப் பல் டாக்டர். மூன்று மாடியில் சொந்த ஆஸ்பத்திரி கட்டப்போகிறார். மனையில் மூன்று துளை போட வேண்டும். டாக்டர் வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் காலணியுமாக வந்து, சேறு படாத இடமாகத் தேடி நின்றார். கொட்டகையில் குழந்தையைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"இது என்ன, குழந்தைகள் காப்பகமா?"

 அவர் மருமகளிடம் எதுவும் பேசாமல் நேராக முதலாளிக்குப் போன் போட்டார். பேசியது எல்லாருக்கும் கேட்டது.

முதல் இரண்டு துளையும் ஒழுங்காக முடிந்தன. மேலே கொஞ்சம் மணல், கீழே வெகு ஆழம் வரைக்கும் இளகிய களிமண், அதற்கும் கீழே கெட்டி மண். மூன்றாவது துளையில், மற்ற இரண்டிலும் களிமண் இருந்த அதே ஆழத்தில், குண்டு விழுந்து விழுந்து எகிறியது. குழாய் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாறை! ரொம்ப நல்லதாப் போச்சு. பாறை மேல அஸ்திவாரம் வெச்சா யானை நின்னாலும் தாங்கும். முடிச்சுடுங்க. இன்னைக்கே வண்டியைக் கட்டுங்க."

மருமகள் துளைக்குள் குனிந்து பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, இருட்டுத்தான். "சார், மத்த ரெண்டு இடத்துலயும் இதே ஆழத்துல களிமண் வந்திருக்கு. இங்க மட்டும் பாறை எப்படி வரும்? இது தனியாக் கிடக்கிற பெரிய கல்லா இருக்கலாம். துளைச்சு அந்தப் பக்கம் போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"கல்லுக்கும் பாறைக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் கெட்டிதானே?"

"பாறைன்னா கீழ வரைக்கும் இருக்கும் சார். கல்லுன்னா அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியாது."

டாக்டர் மறுபடி போன் போட்டார். போனை மருமகளிடம் நீட்டினார். முதலாளியின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "கல்லைத் துளைக்கிறதுன்னா இன்னும் ரெண்டு நாள் ஆனாலும் ஆகும்மா. அவர் ஏற்கெனவே குழந்தை விஷயமாக் கோபமா இருக்காரு. பாத்துச் சுமுகமா முடிக்கலாமான்னு யோசி. சைட்டுல நீதான் இருக்கே, முடிவு உன்னோடது."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பாப்பா தாத்தாவின் தோளில் கிடந்து மிரள மிரள விழித்தாள்.

"என்ன பண்றது மாமா?"

 இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் மாமனாரிடம் கேட்ட முதல் யோசனை அது. 

"எனக்கு மண்ணைப் பத்தி என்னம்மா தெரியும்? உனக்கு என்ன தோணுது?"

"இது பாறை இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயம்னு எப்படிச் சொல்றது? துளைச்சாத்தான் தெரியும். துளைக்காம கையெழுத்துப் போட்டா ராத்திரி தூக்கம் வராது. துளைச்சு, அது பாறைன்னே ஆயிடுச்சுன்னா… நான் குழந்தையை வெச்சுக்கிட்டு வேலையை இழுத்தடிச்சேன்னு சொல்லுவாங்க. வேலை போயிடும் மாமா."

"போனாப் போகட்டும். பாப்பா வீட்டுல பால் குடிச்சுட்டுத் தூங்குவா. நாம ரெண்டு பேரும் தினம் சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ போய் உன் வேலையைப் பாரு" என்றார் மாமனார். "இவளை நான் வெளிய கொண்டு போறேன். இங்க குழந்தை இருக்குன்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பசிச்சாத்தான் வருவேன்."

குடையை விரித்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. தகரக் கூரை, இரும்பு பெஞ்சு. அங்கே போய் உட்கார்ந்தார். தூரத்தில் கரடி வேறொரு குழாயை மாட்டுவது தெரிந்தது. கல்லை அறுக்கும் குழாய், நுனியில் வைரப் பல் பதித்தது. கொஞ்ச நேரத்தில் குண்டுச் சத்தத்துக்குப் பதிலாக ஒரு கரகரப்பு எழுந்தது. பாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. உதடு பிதுங்கியது.

மாமனார் பெஞ்சின் மேல் உள்ளங்கையால் தட்டினார். டொம். டொம். போதவில்லை. பாட வேண்டும் போலிருந்தது. அவருக்குப் பாட்டு வராது. வாய்க்கு வந்தது அவருடைய பழைய தடத்தின் நிறுத்தங்கள்தான்.

"அடுத்தது தபால் ஆபீஸ்… அதுக்கு அடுத்தது பெரிய ஆஸ்பத்திரி… ஆஸ்பத்திரி தாண்டினா மார்க்கெட்டு… மார்க்கெட்டு தாண்டினா பாலம்… பாலம் தாண்டினா நம்ம வீடு…"

தாளம் தவறாமல் தட்டிக்கொண்டே ராகம் போட்டு இழுத்தார். பாப்பாவின் உதடு அடங்கியது. பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு பெண், "ஐயா, மார்க்கெட்டுக்கு எந்த வண்டி?" என்று கேட்டாள். அவர் தாளத்தை விடாமல், "பின்னாலயே ஒண்ணு வருதும்மா" என்று அதே ராகத்தில் சொன்னார். அந்தப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டாள்.

தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடி போனார். கை வலித்தது. பாப்பா தூங்கினாள், எழுந்தாள், அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். மத்தியானம் சாயும் நேரத்தில் பசி வந்துவிட்டது. இனி எந்த நிறுத்தமும் எடுபடாது என்று தெரிந்ததும் எழுந்து நடந்தார்.

மனையில் இஞ்சின் நின்றிருந்தது. எல்லாரும் துளையைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். மரப்பெட்டி ஒன்றில் அறுத்தெடுத்த கல் உருளைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒரு குழந்தையின் உயரம்கூட வராது. அவ்வளவுதான் அந்தப் பாறை.

"என்ன ஆச்சு?" என்று கிசுகிசுத்தார் மாமனார்.

"கல்லு முடிஞ்சதும் தொபுக்குனு விழுந்துடுச்சு பெரியவரே" என்றார் கரடி. "நான் இன்னும் குண்டைத் தூக்கவே இல்லை. குழாய் தன் பாரத்துக்குத் தானாவே உள்ள போயிடுச்சு. வெண்ணெயில கத்தி போற மாதிரி."

மருமகள் பிளந்த குழாயைத் தரையில் வைத்திருந்தாள். உள்ளே வழவழவென்று சாம்பல் நிறக் களி. டாக்டர் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். வெள்ளைச் சட்டையின் முழங்கையில் சேறு. காலணியின் நிறமே தெரியவில்லை. ஒரு விரலைக் களிக்குள் அழுத்தினார். விரல் பாதி வரைக்கும் போனது. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

 நான் அப்போதே சொன்னேனே என்று மருமகளின் முகம்கூடச் சொல்லவில்லை. டாக்டர்தான் பேசினார்.

"மேல பல்லு பளிச்சுனு இருக்கும். கடிச்சா கெட்டியா இருக்கும். படம் எடுத்துப் பாத்தா அடியில முழுக்கச் சொத்தை." தலையை ஆட்டிக்கொண்டார். "படம் எடுக்காம தொடவே மாட்டேன்னு தினம் என் ஆளுங்களைத் திட்டுறவன் நான்."

"ஒண்ணும் பயப்பட வேண்டாம் சார்" என்றாள் மருமகள். "கட்டலாம். ஆழத்துல நல்ல மண்ணு இருக்கு. அது வரைக்கும் தூண் இறக்கணும், அவ்வளவுதான். எவ்வளவு ஆழம்னு நாளைக்குள்ள சொல்லிடுறேன்."

"வேர் வரைக்கும் போகணும்கிறீங்க."

"ஆமா சார்."

அப்போது பாப்பா வீறிட்டாள். மாமனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, டாக்டர் இருக்கிறாரே என்று வெளியே போகத் திரும்பினார். டாக்டர் எழுந்து கையைத் தன் சட்டையிலேயே துடைத்தார்.

"எங்க போறீங்க? அம்மா, முதல்ல குழந்தைக்குப் பாலைக் குடுங்க. வேலை கிடக்கட்டும். என் வண்டியில உக்காருங்க, ஏசி போடறேன்."

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். டாக்டரின் பெரிய காரில் அவள் ஏறிக்கொண்டதும் மாமனார் வழக்கம் போலக் குடையோடு முதுகைக் காட்டி நின்றார். டாக்டர் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு வந்து பக்கத்திலேயே அவரும் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். இரண்டு பேரும் ஒரே குடையில்.

"பேத்திங்களா?"

"ஆமாங்க."

"எனக்கும் ஒருத்தி இருக்கா. மக வயித்துப் பேத்தி. தூர தேசத்துல. போன்ல பாக்கறதோட சரி." கொஞ்சம் பொறுத்து, "குழந்தையைப் பத்தி நான் பேசினது தப்பு" என்றார்.

"விடுங்க டாக்டர். பஸ் கிளம்பற அவசரத்துல யாரும் நல்லபடியாப் பேசி நான் பாத்ததில்லை."

மறுநாள் முதலாளியே மனைக்கு வந்தார். கல் உருளைகளைப் பார்த்தார், களியைப் பார்த்தார். கொட்டகைக்குள் தான் கொண்டுவந்த மடக்கு நாற்காலியை விரித்து வைத்தார். "பெரியவருக்கு" என்றார். வாளியில் உட்கார்ந்து பழகிய மாமனாருக்கு அது முதுகுக்குச் சரியாக அமையவே இல்லை. ஆனால் மரியாதைக்கு உட்கார்ந்தார்.

மாதங்கள் ஓடின. பாப்பாவுக்குப் பல் முளைத்தது, சோறு ஊட்ட முடிந்தது. கொட்டகையின் கம்பத்தைப் பிடித்து எழுந்து நின்றாள். அவள் முதல் முறையாகப் பிடியை விட்டு நடந்தது ஒரு துளைக்கும் இன்னொரு துளைக்கும் நடுவில், கரடியின் முழங்காலை நோக்கி. அன்று மாமனார் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி நீண்ட நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகன் விடுப்பில் வந்தபோது பாப்பா அவனிடம் போகாமல் தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டாள். மகன் தரையில் உட்கார்ந்து கொஞ்சிக் கெஞ்சிப் பார்த்தான். அப்பா குழந்தைக்கு முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாட்டிவிடுவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இதெல்லாம் எனக்கும் செஞ்சிருக்கீங்களா?"

"இல்லப்பா. எங்க நேரம் கிடைச்சுது?"

மகன் எழுந்து வந்து, அவர் தோளில் ஒட்டியிருந்த பாப்பாவின் முடி ஒன்றை எடுத்துப் போட்டான். "எனக்கும் அப்படித்தான் போயிட்டிருக்கு" என்றான். அந்த முறை கப்பலுக்குத் திரும்புவதற்கு முன்னால், கரையிலேயே வேலை கிடைக்குமா என்று இரண்டு இடங்களில் கேட்டுவிட்டுத்தான் போனான். கிடைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. ஆனால் கிடைத்தது.

அதற்குள் பாப்பாவை விளையாட்டுப் பள்ளியில் சேர்க்கும் நாள் வந்துவிட்டது. மாமனாரும் மருமகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். வாசலில் அழுது புரள்வாள் என்று இரண்டு பேரும் பயந்திருந்தார்கள். அவள் உள்ளே சறுக்குமரத்தைப் பார்த்ததும் இருவர் கையையும் உதறிவிட்டு ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமனார் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைகள் இரண்டும் வேலையற்றுத் தொங்குவது போலிருந்தது. மருமகள் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, இன்னைக்குப் புது இடம். ஆத்தோரமாப் பாலம் கட்டப்போறாங்க. வர்றீங்களா?"

"நான் எதுக்கும்மா? பாப்பாதான் இல்லையே."

"பாப்பாவுக்காக மட்டும்தான் வந்துட்டிருந்தீங்களா?"

"பின்ன?" என்றார். சொன்ன பிறகு அது முழு உண்மை இல்லை என்று அவருக்கே தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆத்தோரம்னா என்ன மண்ணு வரும்?"

"மணலா இருக்கும்னு நினைக்கிறேன். கரடி அண்ணன் களிதான் வரும்கிறாரு. பந்தயம்கூடக் கட்டியிருக்கோம்."

"நான் மணல் பக்கம்" என்றார் மாமனார்.

காரருகே வந்ததும் பழக்கத்தில் அவர் கை பின்கதவைத் திறந்தது. அங்கே குழந்தை இருக்கை காலியாக இருந்தது.

"முன்னாடி உக்காருங்க மாமா."

உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். மருமகள் வண்டியைக் கிளப்பி முதல் வளைவில் திருப்பியதும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"ஏம்மா, இவ்வளவு நாளும் இப்படியா ஓட்டிக்கிட்டிருந்தே?"

"ஏன் மாமா, நல்லாத்தானே ஓட்டறேன்?"

"நல்லாத்தான் ஓட்டறே. வளைவுக்கு முன்னாடி கியரைக் குறைச்சுட்டுத் திரும்பு. அவ்வளவுதான்."

"வாயை மூடிக்கிட்டு வர்றதா இருந்தா வாங்க" என்றாள் மருமகள்.

"சரிம்மா" என்றார் அவர். அடுத்த வளைவு வரைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் வந்தார்.